சாட்சி கேட்ட சபைகள்

இக்கட்டுரையில் என் கண்ணால் கண்டவற்றையும், என் காதால் கேட்டவற்றையும், ஒன்றுக்கு மேற்பட்ட வரலாற்று நூல்களில் ஒத்துப்பார்த்து உறுதிசெய்துகொண்டவற்றையும் மாத்திரமே எழுதுகிறேன். பயணத்தில் அழகான கதைகள் பல கிடைத்தன. உறுதிசெய்ய இயலாதவற்றை விட்டுவிட்டேன். இது வறட்டுப் பிடிவாதம் அன்று. இதில் வரும் என் மைத்துனர் நடராசா சுவிற்சர்லாந்துக்கு அகதியாக வந்த காலத்தில், தாம் தப்பிவந்த வரலாற்றை அதிகாரிகள் முன்னிலையில் சொன்னார். இரண்டாம் முறை சொன்னபோது ஒரு சம்பவத்தின் மாதம் மாறிப்போயிற்று. உண்மை சொன்ன மனிதர் அந்த ஒரு மாதத்தால் பொய்யராகக் கருதப்பட்டார். விண்ணப்பம் தள்ளுபடியாகி, மேன்முறையீடுகளில் ஆண்டுகள் கழிந்தன. அத்தகைய ஒருவரைப் பற்றி எழுதுகிறவன் தன் வசதிக்காக ஒரு சொல்லையும் கூட்டக்கூடாது.

சென்ற கோடையில் அவருடைய மனைவியான என் தங்கை மலர், சூரிச்சுக்கு அருகிலுள்ள ஊஸ்டரிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள்.

“அண்ணை, நீங்கள் ஒருக்கா வந்திட்டுப் போகவேணும். இவர் சேர்ச்சுக்கு வாறதை விட்டிட்டார்.”

“சண்டையோ?”

“சண்டையெண்டா நானே பாப்பன். இது கதை பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலமை ஜன்னலடியில நிண்டு, நான் பஸ் ஏறுறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

நாங்கள் புரட்டஸ்தாந்துக் குடும்பம். நடராசா இணுவிலில் பிறந்த சைவர். இருவரும் சூரிச்சில் சந்தித்து மணந்தவர்கள். அவர் மதம் மாறவில்லை. அவளும் மாறும்படி கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் விடுதிகளின் சமையலறைகளில் உழைத்தவருக்கு ஞாயிறுதான் வாரத்தின் மிகக் கடினமான வேலைநாள். அவ்வாண்டு ஓய்வூதியம் பெற்ற பின்னரே அவருக்கு ஞாயிறு கைவந்தது. மலரோடு தமிழ்ச் சபைக்குப் போகத் தொடங்கினார், பின்வரிசை வாங்குப் பலகையில் இருந்தார், ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் சமைத்துப் போட்டார். ஒருநாள் தாமாகவே போதகரிடம் போய், “எனக்கும் பந்தியில ஒரு இடம் தருவியளோ?” என்று கேட்டார். அப்பமும் திராட்சைரசமும் பகிரும் திருவிருந்தையே பந்தி என்றார்.

அச்சபையில் ஒரு விதி உண்டு. புதிதாகத் திருவிருந்தில் சேர விரும்புகிறவர், இறைவனுடைய கிருபை தம் வாழ்வில் எப்போது, எவ்வாறு வந்தது என்பதைச் சபையின் முன் எழுந்து நின்று சொல்லவேண்டும். சபையார் கேட்பார்கள், ஐயம் இருந்தால் வினவுவார்கள், திருப்தியானால் கை உயர்த்துவார்கள். இதைச் சாட்சி என்பர். விதியைக் கேட்ட நடராசா, “அப்ப வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வந்தவர், மறுபடி அங்கே போகவில்லை.

நான் எடுத்துச் சொன்னால் கேட்பார் என்று மலர் நம்பினாள். எனக்கும் அந்த நம்பிக்கை கொஞ்சம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் தொடக்கிய பாடசாலை ஒன்றில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவன் நான். அவர்களுடைய முன்னோர் யார், எதை நம்பினார்கள் என்பதை ஓய்வுநேரமெல்லாம் தேடிப் படித்தவன். சாட்சி கேட்கும் வழக்கம் அந்த முன்னோரிடம் எப்படி வேர்கொண்டது என்பது எனக்குத் தெரியும். வரலாறு தெரிந்தால் பிடிவாதம் இளகும் என்று எண்ணினேன்.

ஊஸ்டர் நிலையத்தில் நடராசாவே காத்திருந்தார். என் பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, நடந்தபடியே சொன்னார்: “மச்சான், உங்களை ஏன் வரவழைச்சவ எண்டு எனக்குத் தெரியும். முதல்ல சாப்பிடுங்கோ. பிறகு ஆறுதலா இருந்து என்னை மாத்துங்கோ.”

அன்று அவர் சமைத்த புட்டையும் கத்தரிக்காய்ப் பால்கறியையும் உண்டபோது, மாற்றும் எண்ணமே எனக்குச் சற்று மறந்துபோயிற்று. தேங்காய்ப்பூவுக்குப் பதிலாக அவர் பாதாம் துருவலைக் கலந்திருந்தார். விடுதிச் சமையற்காரர் ஒருவரிடம் கற்ற உத்தியாம். மலர் அதைக் குற்றம் என்றாள். நான் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மலரின் மகள், என் மருமகள் ஆரணி என்னை ஜெனீவாவுக்கு அழைத்துச் சென்றாள். ஊஸ்டரில் பிறந்தவள், கட்டட வரைபடங்கள் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை. அவசரத்தில் நாங்கள் ஏறிய பெட்டி குடும்பங்களுக்குரியது. மேல்தட்டில் குழந்தைகள் சறுக்கி விளையாட ஒரு சறுக்கு மரம் இருந்தது. விதிமுன்குறிப்பு என்னும் கடினமான கொள்கையைப் பற்றி நான் கொண்டுவந்த குறிப்புகளை, தலைக்குமேல் சின்னஞ்சிறு கால்கள் தடதடக்கப் படித்துக்கொண்டு போனேன். எங்கள் ஊர் ரயில்களில் கச்சான் கடலை விற்பவர் வருவார். இங்கே ஒரு குழந்தை வந்து தன் பிஸ்கட்டில் பாதியை என் முழங்காலில் வைத்துவிட்டுப் போயிற்று.

ஜெனீவாவின் பழைய நகரில், பெரிய தேவாலயத்தின் தோளுக்கருகே ஒரு சிற்றாலயம் இருக்கிறது. கூரான கல் வளைவுகள், வெறும் சுவர்கள், வரிசையாக நாற்காலிகள். படமோ சிலையோ இல்லை. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்தில் ஒரு கத்தோலிக்க அரசி ஆட்சிக்கு வந்தபோது, சீர்திருத்தச் சமயத்தினர் பலர் உயிருக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓடினர். ஒரு பகுதியினர் சூரிச்சிலும் வேறொரு பகுதியினர் ஜெனீவாவிலும் அடைக்கலம் பெற்றனர். ஜெனீவாவுக்கு வந்தவர்கள் தங்கள் மொழியில் வழிபட நகரசபை இந்த ஆலயத்தைக் கொடுத்தது.

நான் இதைச் சொல்லி முடித்ததும் ஆரணி கதவடியில் நின்றுவிட்டாள்.

“பொறுங்கோ மாமா. அப்ப இங்கிலீசுக்காரரும் இங்க வந்து அசூல் அடிச்சவையோ?”

அடைக்கலம் கேட்டு விண்ணப்பிப்பதை இங்குள்ள நம்மவர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

“ஓம். அடிச்சவை.”

“என்ன பெர்மிட் குடுத்தவை? எஃப்போ, பியோ?”

எஃப் என்பது தற்காலிகமாகத் தங்கவிடும் அனுமதி. பி என்பது அதைவிட உறுதியானது. அப்பா ‘எஃப்’ அட்டையோடு எத்தனை காலம் இருந்தார் என்பதை அவள் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தவள். அந்த ஆங்கிலேயரின் நிலையைத் தெரிவிக்க எனக்கு எழுத்து எதுவும் கிடைக்கவில்லை. “திரும்பிப் போய்விடலாம் என்ற நினைப்போட இருந்தவை” என்றேன்.

“அதெண்டா எங்கட ஆக்கள்தான்” என்று சிரித்தாள்.

அவர்கள் திரும்பியும் போனார்கள். அரசி இறந்து, அவருடைய தங்கை முடிசூடியதும் ஊர் திரும்பினர். அவர்கள் இங்கிருந்து கொண்டுபோனவற்றுள் முக்கியமானது, இந்நகரிலேயே மொழிபெயர்த்து அச்சிட்ட, ஓரக்குறிப்புகள் நிறைந்த ஆங்கில வேதாகமம். மற்றொன்று, படமும் ஆடம்பரமும் அற்ற வழிபாட்டின் நினைவு. தாய்நாட்டுத் திருச்சபை அவர்களுக்குப் போதிய அளவு தூய்மையானதாகத் தோன்றவில்லை. குருவானவரின் வெள்ளை மேலாடை ஏன், ஞானஸ்நானத்தில் சிலுவை அடையாளம் ஏன், திருவிருந்தில் முழங்கால் ஏன், திருமணத்தில் மோதிரம் ஏன் என்று கேட்டனர். வேதத்தில் இல்லாதது வழிபாட்டிலும் வேண்டாம் என்றனர். எதிர்த்தவர்கள் அவர்களைப் பியூரிட்டன்கள், அதாவது தூய்மைக்காரர்கள், என்று ஏளனம் செய்தனர். ஏளனமே பெயராக நிலைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜெனீவாவிலிருந்த அகதிகளே கப்பலேறி அமெரிக்கா போனார்கள் என்று சிலர் சொல்லக் கேட்டேன். அது தவறு. போனவர்கள் பின்வந்த தலைமுறையினர். மேஃபிளவர் கப்பலில் சென்றவர்களுள் சமயத்துக்காகப் புறப்பட்டவர்கள் தாய்ச்சபையை விட்டே பிரிந்தவர்கள். அவர்கள் ஒல்லாந்தில் சிலகாலம் வாழ்ந்த பிறகே கடல் கடந்தனர். சில ஆண்டுகள் கழித்துப் பெருந்தொகையாக மசச்சூசெற்ஸ் குடாவுக்குப் போனவர்களோ, தாய்ச்சபையை விட்டுப் பிரியவில்லை, தூய்மையான முன்மாதிரி ஒன்றைக் கட்டவே போகிறோம் என்று சொன்னவர்கள். இரு சாராருக்கும் ஜெனீவா ஊர் அன்று, கருத்து.

அருகிலுள்ள பூங்காவில் நெடிய கற்சுவர் ஒன்று சமயச் சீர்திருத்தவாதிகளுக்கு நினைவாக நிற்கிறது. தாடி வைத்த பெரிய மனிதர்களின் சிலைகளுக்கிடையே, கல்லில் செதுக்கிய கப்பல் தளமும் அதன்மீது கூடிநிற்கும் குடியேறிகளும் உண்டு. அதன் எதிரே புல்லில் அமர்ந்து, மலர் கட்டிக்கொடுத்த இடியப்பத்தைச் சாப்பிட்டோம்.

“அவை அப்பிடி என்னத்தை நம்பினவை, மாமா?”

சொன்னேன். எவர் இரட்சிக்கப்படுவார் என்பதை உலகம் தோன்றுமுன்னரே இறைவன் தீர்மானித்துவிட்டான் என்பதே விதிமுன்குறிப்பு என்னும் அவர்கள் கொள்கை. நற்செயலால் அதை வாங்க முடியாது. தான் தெரிந்துகொள்ளப்பட்டவனா, அதாவது இறைவனால் தேர்ந்தெடுக்கப்பட்டவனா, என்பதை ஒருவன் ஐயமற அறியவும் முடியாது. ஆயினும் தெரிந்துகொள்ளப்பட்டவனின் உள்ளத்தில் ஒரு மாற்றம் நிகழும். அதன் தடயத்தைத் தேடலாம். ஆகவே ஓயாமல் தம் நெஞ்சைத் தாமே துருவினர். அமெரிக்காவில் குடியேறிய பகுதியான புதிய இங்கிலாந்தில் அவர்கள் ஒரு படி மேலே போயினர். சபையின் முழு அங்கத்தவராகித் திருவிருந்தில் பங்குபெற விரும்புகிறவர், அந்த மாற்றத்தின் கதையைச் சபைமுன் சொல்லவேண்டும் என்று விதித்தனர். ஜெனீவாவில் இவ்விதி இருந்ததில்லை. அது அமெரிக்க மண்ணில் பிறந்தது. விந்தை என்னவென்றால், ஐயமே இல்லாமல் உரத்துச் சொன்னவனைக் காட்டிலும், தயங்கிச் சொன்னவனையே அவர்கள் அதிகம் நம்பினர். அளவுகடந்த நிச்சயம் மாயமாக இருக்கலாம் என்று அஞ்சினர்.

“அப்ப அவையின்ர பிள்ளையள்?” என்று கேட்டாள். “அதுகள் கஷ்டப்படேல்ல, கப்பல்ல வரேல்ல. என்னத்தைச் சொல்லியிருக்குங்கள்?”

நல்ல கேள்வி. அங்கேயே பிறந்த பிள்ளைகளில் பலருக்குச் சொல்லக் கதை இருக்கவில்லை. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றிருந்தனர், ஒழுக்கமாக வாழ்ந்தனர், ஆயின் பந்தியில் இடமில்லை. அவர்களை என்ன செய்வது என்று முன்னோர்கள் நெடுங்காலம் தர்க்கித்து, அவர்களுடைய குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம், அவர்களைப் பந்தியில் சேர்க்கக்கூடாது என்று ஒரு நடுவழி கண்டனர்.

“அந்த நடுவழியில நிக்கிறது நான்தான்” என்றாள் ஆரணி. “நானும் சாட்சி சொல்லேல்ல. ஊஸ்டர்ல பிறந்தனான், கிண்டர்கார்டன் போனனான், லேற்றே இல்லாமல் பஸ் வந்தது எண்டோ சொல்லுறது? ஆனா எனக்குப் பரவாயில்லை மாமா. அப்பாவுக்குத்தான் பரவாயில்லையெண்டு இல்லை. அவர் கேட்டவர். அவர் வாழ்க்கையில ஆரிட்டையும் ஒண்டும் கேக்கிறேல்ல.”

அந்தியில் ஊஸ்டருக்குத் திரும்பியபோது, சபையின் போதகர் தேநீருக்கு வந்திருந்தார். முப்பது வயதைத் தாண்டிய இளைஞர், இங்கேயே பிறந்தவர், வாரநாட்களில் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். நடராசா வடை பொரித்துக் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார். நான் என் வரலாற்றை எடுத்துவைத்தேன். புதிய இங்கிலாந்திலேயே, சபையில் பேசக் கூசியவர்களின் சாட்சியை மூப்பர்கள் தனியே கேட்டு, பிறகு சபையில் வாசித்த வழக்கம் இருந்ததே என்றேன்.

போதகர் கவனமாகக் கேட்டார். “தனியக் கதைச்சாலும் கதைக்கத்தானே வேணும், ஐயா. எனக்கு நடராசா அங்கிளை நல்லாப் பிடிக்கும். அவற்ற சாப்பாட்டுக்கெண்டே வாற ஆக்கள் இருக்கினம். ஆனா சாட்சியை விட்டிட்டா நாங்கள் வெறும் தமிழ்ச் சங்கம் ஆகிடுவம். பொங்கலுக்குக் கூடுற மாதிரி ஞாயிற்றுக்கிழமைக்குக் கூடுவம். பிறகு ஏன் சபை?”

அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதின்பருவத்தில் நானும் மூப்பர்கள்முன் நின்றவன். எங்கள் ஊர் ஆலயமும் வெறுமையானதுதான்: சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த ஜன்னல், கடல்காற்று. நான் மனப்பாடம் செய்த விடைகளைச் சொல்லிக்கொண்டிருக்கையில் மூப்பர் ஒருவர் நித்திரையாகிவிட்டார். மற்றவர் அவரைத் தட்டி எழுப்பி, “பொடியன் சரி” என்றார். அவ்வளவு இலகுவாக உள்ளே போனவன் நான். அந்த அறையின் மர மணம் இன்றும் நினைவில் இருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை.

இருநாட்கள் மழை. மூன்றாம் நாள் வானம் வெளுத்ததும் நடராசா சொன்னார்: “மச்சான், ஜெனீவாவைப் பாத்திட்டியள். நான் இருந்த இடத்தையும் பாக்கவேணும். வாங்கோ எங்கடினுக்கு.”

எங்கடின் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு விடுதியில் அவர் பல பருவங்கள் வேலை செய்திருந்தார். சிவப்பு நிற மலை ரயில் பாலங்களிலும் சுரங்கங்களிலும் வளைந்து ஏறியது. ஏற ஏற அவருடைய வயது இறங்கியது. ஒவ்வொரு மலைக்கும் ஒரு பகிடி வைத்திருந்தார்.

“இந்தப் பனிக்குள்ள விழுந்துதான் எங்கட சிவம் காலை முறிச்சவன். ஆஸ்பத்திரியில இருந்து வந்து, ‘மூண்டு கிழமை கோப்பை கழுவாமல் சம்பளம்’ எண்டு பார்ட்டி வைச்சவன்.”

“உங்களுக்கு அந்தக் காலம் பிடிச்சதோ?”

“கால் கை எல்லாம் விறைக்கும். ஒரு அறையில நாலு பேர். ஒருத்தன் குறட்டை, ஒருத்தன் ஊருக்கு ஃபோன் எடுத்து அழுகை. ஆனாப் பிடிச்சது.” பிறகு அவரே, “ஏனெண்டு கேளுங்கோ” என்றார்.

கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார்.

விடுதித் தொழிலில் மதிய உணவு முடிந்த பின்னும் இரவுச் சமையல் தொடங்கும் முன்னும் ஓர் இடைவேளை உண்டு. அதை ஜெர்மனில் சிம்மர்ஸ்துண்டே, அறைநேரம், என்பர். அறையில் இருக்கப் பிடிக்காத ஒரு நாள், குளிருக்கு ஒதுங்க அவர் கிராமத்து ஆலயத்துக்குள் போனார். பூட்டப்படவில்லை. உள்ளே வெள்ளைச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை.

“சாமியே இல்லாத கோயில், மச்சான். நான் இணுவில் கந்தசாமியைப் பாத்து வளந்தவன். எனக்கு முதல்ல சிரிப்பு வந்தது. பிறகு அந்த வாங்கில இருந்தன். அப்ப எனக்கு முதல் விண்ணப்பம் தள்ளுபடி. ஒவ்வொரு நாளும் தலைக்குள்ள அந்த இன்டர்வியூதான். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, மொழிபெயர்ப்பாளர், எழுதுறவர். ‘முதல் இப்பிடிச் சொன்னனீர், இப்ப அப்பிடிச் சொல்லுறீர்’ எண்டு. அந்தக் கோயில்ல ஆரும் ஒண்டும் கேக்கேல்ல. சுவர்கூடக் கேக்கேல்ல. அங்க ஒரு படம் இருந்திருந்தா, அதுவும் என்னைப் பாத்துக் கேள்வி கேட்டிருக்கும்.”

அதன்பிறகு அறைநேரம்தோறும் போனார். ஆலயத்தைக் கூட்டித் துடைக்கும் ஒரு மூதாட்டி வருவார். இந்தப் பள்ளத்தாக்கின் ரொமான்ஷ் மொழியில் “அலேக்ரா” என்பார். அது இங்கே வணக்கம். இவரும் “அலேக்ரா” என்பார். அவ்வளவுதான். எந்த ஊர், என்ன மதம், ஏன் வந்தாய் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. இரண்டாம் குளிர்காலத்தில் ஒருநாள், இவர் வழக்கமாக இருக்கும் இடத்தில் ஒரு சிறு மெத்தை போடப்பட்டிருந்தது. மற்ற வாங்குகளில் மெத்தை இல்லை.

“அண்டைக்குத்தான் மச்சான் நான்...” என்றவர் நிறுத்தினார். “இதைத்தான் சொல்லவேணும். இதை அங்க நிண்டு சொன்னா என்ன கேப்பினம்? ‘இதில கிருபை எங்க? எந்த வசனம் உம்மோட பேசினது? எந்த நாள்?’ எனக்கு நாள் தெரியாது. நாள் மாதம் மாறி ஒருக்காப் பட்டது காணும், போதும். நான் இதைச் சொல்லி, அவையும் கையை உயத்தாமல் விட்டா, எனக்கு அந்தக் கோயில் இடமும் இல்லாமல் போயிடும்.”

என் வரலாற்று அறிவு முழுவதும் அப்போது என் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. மூப்பர்கள் தனியே கேட்டு வாசித்த வழக்கத்தை மாத்திரம் மெல்லச் சொன்னேன்.

“வாசிச்ச பிறகு?”

“சபை வாக்களிக்கும்.”

“பாத்தியளோ!”

அந்த வேளையில் ரயில் ஒரு சிற்றூர் நிலையத்தை வேகம் குறையாமல் கடந்தது. நடராசா துள்ளி எழுந்தார். “ஐயோ, எங்கட இடம்!” சிறிய நிலையங்களில் பொத்தானை அழுத்தினால்தான் ரயில் நிற்கும். பல ஆண்டுகள் அழுத்தி இறங்கிய பொத்தானை, தம் கதையை முதன்முதல் ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததில் அழுத்த மறந்துவிட்டார். எதிரே இருந்த உள்ளூர்ப் பெண்மணி எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். நடராசா ரொமான்ஷில் பதில் சொல்ல, பெட்டியே சிரித்தது.

“என்ன சொன்னவ?”

“‘புதுசா வந்தனீங்களோ’ எண்டு கேட்டவ. ‘ஓம், இண்டைக்குத்தான்’ எண்டன்.”

அடுத்த நிலையத்தில் இறங்கி, ஆற்றங்கரை வழியே திரும்பி நடந்தோம். வைக்கோல் மணமும் மாட்டு மணிகளின் ஓசையும் கூடவே வந்தன. ஓர் உணவகத்தில் பார்லி சூப்பும், அக்ரூட் கொட்டையும் சீனிப்பாகும் நிறைந்த கனத்த கேக்கும் சாப்பிட்டோம். நடராசா சூப்பைச் சுவைத்து, “கிழங்கு கூடிப்போச்சு” என்று தீர்ப்பளித்தார்.

ஆலயம் திறந்தே இருந்தது. வெள்ளைச் சுவர்கள், மரப் பிரசங்கபீடம், ஜன்னல் வழியே சரிந்த ஒளி. புதிய இங்கிலாந்தின் வழிபாட்டு மண்டபங்களின் படங்களை நான் பார்த்திருக்கிறேன். அவை இதன் உடன்பிறப்புகள் போலவே இருக்கும். இப்போது எல்லா வாங்குகளிலும் மெத்தை இருந்தது. நடராசா ஓர் ஓரத்தில் அமர்ந்தார். நான் எட்டவே இருந்தேன். அவர் கும்பிடவில்லை, கண்ணை மூடவுமில்லை. சுவரைப் பார்த்தபடி இருந்தார். நெடுநாள் பிரிந்த நண்பனின் வீட்டில் இருப்பவர்போல் அவர் முகம் இருந்தது.

வெளியே வந்ததும் கல்லறைகளிடையே நடந்தார். “அந்த மெத்தை போட்ட மனிசி இதுக்குள்ளதான் இருக்கும். எது எண்டு தெரியேல்ல. பேர் கேக்கேல்ல மச்சான். அவவும் என்ர பேரைக் கேக்கேல்ல.”

திரும்பும் ரயிலில் கேட்டேன்: “நான் இந்தப் பயணத்தை எழுதுவன். நீங்கள் சொன்னதையும் எழுதலாமோ?”

“எழுதுங்கோ. வாசிக்கிறவை என்னை வைச்சுக்கொண்டு கை உயத்தி வாக்கெடுக்க மாட்டினம்.”

சனிக்கிழமை மலரிடம் உண்மையைச் சொன்னேன். “அவரைச் சாட்சி சொல்லச் சொல்லி நான் கேக்கமாட்டன். என்னால ஏலாது.”

அவள் முகம் கடுத்தது. “அதுக்கோ உங்களை இவ்வளவு தூரம் வரச்சொன்னனான்? நல்ல ஆள் நீங்கள்! எங்கடின் காட்டி உங்களையும் மடக்கிப்போட்டார்.” பிறகு குரல் தாழ்ந்தது. “அண்ணை, எனக்கு அந்தப் பந்தி சின்ன விசயமில்லை. அம்மா அப்பாவோட இருந்து எடுத்தது. இவரோட ஒருநாள் ஒண்டா எடுக்கவேணும் எண்டு எவ்வளவு காலமா நினைச்சன் தெரியுமோ? நான் கேக்கேல்ல. அவராக் கேட்டவர். கேட்டிட்டுப் பின்வாங்கினா நான் என்ன செய்யிறது?”

அவள் வெங்காயம் உரித்தாள். அழுவதற்கு அது வசதியாக இருந்தது.

ஞாயிறு காலையில் நாங்கள் புறப்படும்போது, நடராசா இரண்டு பெரிய சட்டிகளோடு வாசலில் நின்றார். “சமைக்க மட்டும். மச்சான் ஊருக்குப் போறார், சபைக்கு ஒரு சாப்பாடு குடுக்கவேணும்.” மலர் ஒரு சட்டியை வாங்கிக்கொண்டாள்.

சபை கூடுவது உள்ளூர்ச் சீர்திருத்தத் திருச்சபையின் மண்டபம் ஒன்றில். பின்புறச் சமையலறைக்கும் மண்டபத்துக்கும் இடையே சுவரில் உணவு பரிமாறும் திறப்பு ஒன்று உண்டு. நடராசா அதைத் திறந்தே வைத்திருந்தார். பாட்டுகளுக்கிடையே கத்தி பலகையில் ஓடும் ஓசை கேட்டது.

திருவிருந்துக்கு முன் போதகர் வழக்கப்படி கேட்டார்: “இண்டைக்குச் சாட்சி சொல்ல ஆரும் இருக்கினமோ?”

கத்தியின் ஓசை நின்றது.

போதகர் திறப்பை நோக்கி நின்றார். அவசரப்படுத்தவில்லை, அவருடைய பார்வையில் அன்பே இருந்தது. சபையாரும் திரும்பிப் பார்த்தனர். மலர் மாத்திரம் திரும்பவில்லை. மடியிலிருந்த கைகளைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு குழந்தை ஜெர்மனில் ஏதோ கேட்டது. தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

பிறகு கத்தி மறுபடி பலகையில் ஓடத் தொடங்கியது.

போதகர் தலையசைத்து, அப்பத்தை எடுத்துப் பிட்டார். தட்டு வாங்கு வாங்காக வந்தது. மலரிடம் வந்தபோது அவள் அதை இரு கைகளாலும் பெற்றுக்கொண்டாள். சற்றுநேரம் அதைப் பிடித்திருந்தாள். ஒரு துண்டையும் எடுக்காமல், தட்டை என் கையில் தந்தாள். கிண்ணம் வந்தபோதும் அப்படியே செய்தாள்.

நான் எடுத்துக்கொண்டேன். அது சரியா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. ஆயின் நடந்தது அதுதான்.

ஆராதனை முடிந்ததும் மலர் நேரே சமையலறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். நடராசா தேங்காய்ப்பால் சொதியைக் கிளறிக்கொண்டிருந்தார். அகப்பையில் சிறிது எடுத்து அவளிடம் நீட்டினார்.

“உப்புப் பாரும்.”

அவள் உள்ளங்கையில் வாங்கிச் சுவைத்தாள். “காணும்.” பிறகு, “தேசிக்காய் விடேல்லையோ?” என்றாள்.

“நீர் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்.”

அவள் அந்த எலுமிச்சையை எடுத்து வெட்டினாள். சபையார் திறப்பின்முன் தட்டுகளோடு வரிசையில் நின்றனர். போதகர் வரிசையின் கடைசியில் நின்றார். கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் சோறிட்டனர். இருவரும் கடைசியாக, சமையலறையிலேயே நின்றபடி சாப்பிட்டனர்.

இரண்டு நாள் கழித்து நான் ஊர் திரும்பினேன்.

எனக்குத் தெரியாதவை இவை. ஜெனீவாச் சிற்றாலயத்தில் கூடிய ஆங்கில அகதிகள் தங்களுள் எவரையேனும் பந்தியிலிருந்து விலக்கினரா என்பதற்கு நம்பகமான ஆதாரம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஊஸ்டர்ச் சபையின் சாட்சி வழக்கம் புதிய இங்கிலாந்திலிருந்து யாழ்ப்பாணம் வழியாக வந்ததா, வேறு வழியாக வந்ததா என்பதைப் போதகரும் அறியார். எங்கடின் ஆலயத்து மூதாட்டியின் பெயர் தெரியாது. மலர் தட்டை என்னிடம் தந்ததை நடராசா திறப்பினூடாகக் கண்டாரா என்பது தெரியாது. அவரிடம் நான் கேட்கவில்லை, மலரும் அதைப்பற்றிப் பேசவில்லை. அதன்பின் வந்த ஞாயிறுகளில் அவள் அப்பத்தை எடுக்கிறாளா என்பதும் எனக்குத் தெரியாது.